தப்பில்லாத சிவப்புக் கவுன்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், கிறிஸ்துமஸுக்காக அத்தை எனக்கு ஒரு சிவப்புக் கவுன் வாங்கி வந்தாள்.
2. அம்மா அந்தக் கவுனில் தப்பு தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.
3. தப்பு இல்லை என்பதாலேயே அது திருட்டுத் துணி என்று முடிவானது.
4. வாங்கிய கடையைக் காட்ட அத்தை எங்களைக் காதர்பேட்டைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரர் அது தன் கடைத் துணியே இல்லை என்றார்.
5. அத்தை பண்டிகைக்கு முன்பே வீட்டைவிட்டுப் போனாள்.
6. அந்தக் கவுனை நான் ஒருமுறைகூட வெளியே போட்டுப் போகவில்லை. ஆனால் அதன்மேல் தலைவைத்துப் பல வருடம் தூங்கினேன்.
7. போன கோடையில் அந்தத் தப்பு கிடைத்தது.

வேலையில் எனக்கு இப்படி எழுதித்தான் பழக்கம். ஆனால் இந்த ஏழில் அடங்காதவை சில உண்டு. அவற்றை உங்களிடம்தான் சொல்ல முடியும். பனியன் கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்த அப்பா அம்மாவோடு ரயிலேறி வந்து, திருப்பூர் லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள் நீங்கள். மற்றவர்களுக்குச் சொன்னால் முதலில் "சர்ப்ளஸ் என்றால் என்ன?" என்று கேட்பார்கள்.

நம் ஊரில் கிறிஸ்துமஸ் ஆடி மாதமே வந்துவிடும், நினைவிருக்கிறதா? வெளிநாட்டுக் கடைகளில் டிசம்பரில் தொங்கவேண்டிய துணி அதற்கு முன்பே கப்பல் ஏறியாக வேண்டும். கம்பெனிகளில் விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டே பனிமனிதனை அச்சடிப்பார்கள். எங்கள் லைன் வீடுகளின் சொந்தக்கார அம்மாவுக்கும் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. மொட்டை மாடிக்கு மிளகாய் காயவைக்க வரும்போது அம்மாவைச் சீண்டுவார்.

"ஏம்மா, உங்க பண்டிகை மார்கழியிலதானுங்களே? எங்க கம்பெனியில இப்பவே மானு கொம்பை ஆட்டிட்டு வண்டி இழுக்குதே!"

"அது வெள்ளைக்காரனுக்கு உள்ளதுங்க" என்பாள் அம்மா. "அவன் வேண்டாம்னு கழிச்சதுதான் எங்களுக்கு மார்கழியில வரும்."

அப்படித்தான் வந்தது. கழித்த துணியான செகண்ட்ஸ், மிஞ்சிய துணியான சர்ப்ளஸ் எல்லாம் டிசம்பரில் காதர்பேட்டையில் குவியும். நாம் கோயிலுக்கு அதைத்தான் போட்டுப் போனோம். எல்லோர் வீட்டிலும் ஒரே லாட்டிலிருந்து வாங்கியிருப்பார்கள் என்பதால், பாட்டுக் குழுவில் ஆறேழு பேர் ஒரே கரடிப் படத்தோடு நிற்போம். பிரசங்கம் நடக்கும்போது ஒருவர் சட்டையில் ஒருவர் தப்பு தேடுவோம். ஒருவனுக்கு இடது கை நீளமாக இருக்கும். ஒருத்திக்குப் பையின் வாயையே சேர்த்துத் தைத்திருப்பார்கள். கரடிக்கு ஒரு கண் அச்சாகாமல் போயிருக்கும்.

எங்கள் வீட்டில் அந்தத் தேடலுக்கு ஒரு முறையே உண்டு. அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் துணியை விரித்து, தப்பு இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. பண்டிகைத் துணி வந்ததும் என் கையில் ஓர் அம்பைத் தருவாள். "கண்டுபிடி" என்பாள். நான் தேடி ஒட்டவேண்டும். அதன்பிறகு அவள் அதைச் சரிசெய்வாள். ஊசி ஓட்டை என்றால் அதன்மேல் ஒரு சின்னப் பூ தைப்பாள். ஆயில் கறை என்றால் சாக்பீஸ் பொடி தேய்த்து வெயிலில் போடுவாள். தப்பைப் பார்த்த பிறகுதான் துணி நம்முடையது என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்குக்கு மறுபக்கமும் இருந்தது. "தப்பே இல்லாத துணி செகண்ட்ஸ்ல வராது. வந்துச்சுன்னா, அது கம்பெனி கேட்டைத் தாண்டிக் குதிச்சு வந்தது."

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது கல்யாணம் ஆகவில்லை. வேறொரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். எங்களோடு அந்த ஒற்றை அறையில்தான் இருந்தாள், என் பாயில்தான் படுத்தாள். அவள் மேல் எப்போதும் அயர்ன் ஆவியும் புதுப் பாலிதீனும் கலந்த வாசனை இருக்கும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள்.

"மருமகளே, கண்ணை மூடு. கையை நீட்டு. ரெண்டு கையையும் நீட்டு, மகாராணி கணக்கா ஒத்தக் கையை நீட்டுதா பாரு!"

கண்ணைத் திறந்தபோது என் கைகளில் அந்தக் கவுன் இருந்தது. முழுக்கை வைத்த சிவப்புப் பின்னல் துணி. உள்பக்கம் பூனைக்குட்டி வயிறுபோல மெத்தென்று இருந்தது. மார்பில் ஒரு வெள்ளை மான். மானுக்குக் கீழே வளைவாக இரண்டு சொற்கள். முதல் சொல் சின்னது, இரண்டாவது நீளம். அச்சு மை இன்னும் ரப்பர்போல மணத்தது.

"அத்தே, என்ன எழுதியிருக்கு? இங்கிலீஷா?"

"இங்கிலீஷ் இல்லை போல. வேற ஏதோ நாட்டுப் பாஷை."

"என்னன்னு எழுதியிருக்கு?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "நல்லபடியா இருன்னு போட்டிருக்கு."

நான் நம்பினேன். அந்த நீளச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பாடம் செய்தேன். டபிள்யூ, இ, ஐ, என், ஏ, சி, எச், டி, இ, என். அதைச் சொல்லிக்கொண்டே வாசலில் கயிறு குதித்தேன். உங்களில் சிலர் என்னோடு சேர்ந்து குதித்திருப்பீர்கள். யாருக்கும் அது என்னவென்று தெரியாது. தாளம் மட்டும் சரியாக விழுந்தது.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்ததும் அம்பைத் தந்தாள். நான் தேடினேன். கிடைக்கவில்லை. "குருடி, கொண்டா இங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். தோள் தையலை நகத்தால் நெருடினாள். உள்ளே புரட்டினாள். இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளந்தாள். கழுத்துப் பட்டியை இழுத்து விட்டாள். மானின் கொம்பை விரலால் வருடி, மை எங்கேயாவது விட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்திலிருந்த சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"இது ஓகே பீஸுல்லா" என்றாள்.

"நல்லதாப் போச்சு மைனி. அப்போ ரெண்டு வருசம் போடலாம்."

"எங்கன வாங்குன?"

"காதர்பேட்டையிலதான். பிளாட்பாரத்துக் கடை. செகண்ட்ஸ்னுதான் சொன்னாரு."

"செகண்ட்ஸ்னா தப்பு எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? சிவப்பு நல்லாருந்துச்சு, வாங்கினேன். லேபிளை வெட்டியிருக்கு பாருங்க. செகண்ட்ஸ்னாதானே வெட்டுவாங்க."

"எடுத்துட்டு வாரவளும்தான் வெட்டுவா."

அத்தைக்கு அது புரியச் சிறிது நேரம் ஆனது. "மைனி, என்னையவா சொல்லுதீய?"

"உங்க கம்பெனியில பீஸு காணாமப் போகுதுன்னு நீதானே சொன்ன? கேட்டுல நிப்பாட்டித் தடவிப் பாக்காங்கன்னு நீதானே அழுத? நாளைக்கு இதைப் போட்டுட்டு இந்தப் பிள்ளை கோயில்ல நிக்கும். உங்க கம்பெனி ஆள் யாராவது பாத்தா? உங்க அண்ணன் காணிக்கைப் பை எடுக்கிற மனுசன்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்து காகித நட்சத்திரத்துக்கு பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீயாவது சொல்லேன்" என்றாள் அத்தை.

அப்பா வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நாளைக்குக் கடையைக் காட்டிட்டா முடிஞ்சு போச்சு. இதுக்கு எதுக்குச் சத்தம்?"

நியாயமான பேச்சாகத்தான் அது அன்று எனக்குக் கேட்டது. தன் தங்கை கடையைக் காட்டி நிரூபிக்க வேண்டியவள் என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது எனக்குப் பெரியவளான பிறகே உறைத்தது. அம்மாவும் கெட்டவள் இல்லை. அவளுக்குப் பயம். ஊர்விட்டு ஊர் வந்து, வாடகை வீட்டில், நல்ல பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்களின் பயம். பயத்துக்குத் துணையாக அவளிடம் ஒரு திறமை இருந்தது. அந்தத் திறமை ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

மறுநாள் காதர்பேட்டை. பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு. அந்தக் கூட்டத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கயிற்றில் தொங்கும் சட்டைகள் தலையில் இடிக்கும். தார்ப்பாயில் மலைபோலக் குவித்த துணிக்குள் பெண்கள் முழங்கைவரை கைவிட்டுத் துழாவுவார்கள். "பொறுக்கிக்கோ, பொறுக்கிக்கோ, எக்ஸ்போர்ட்டு" என்று ஒருவர் ஸ்டூல்மேல் நின்று கத்துவார். வடநாட்டுப் பையன்கள் கூட்டமாக ஜீன்ஸை இடுப்பில் வைத்து அளந்து பார்ப்பார்கள். அந்த மாதம் மட்டும் நடுநடுவே நட்சத்திரக் கடைகள், தாத்தா முகமூடிகள், பஞ்சு தாடிகள். கரும்புச் சாற்று வண்டியின் சலங்கைச் சத்தம். தெற்கே எங்கள் ஊரில் பண்டிகைக்கு ஒரே ஒரு ஜவுளிக்கடைதான். இங்கே தெருத் தெருவாகக் கடைகள். ஒரு கையால் அம்மாவையும் மறு கையால் அத்தையையும் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

அத்தை கடையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். "இவருதான் மைனி, இந்த மச்சக்காரர்தான்." குரலில் அவ்வளவு நிம்மதி. பையிலிருந்து கவுனை எடுத்து நீட்டினாள். "அண்ணே, இது உங்க கடையில வாங்கினதுதானே?"

அவர் கவுனைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"இது நம்ம கடை மாலே இல்லீங்க."

"போன வாரம் உங்ககிட்டதானே அண்ணே வாங்கினேன்? இந்த ஓரத்துல கிடந்துச்சு."

"இல்லீங்க அக்கா. நம்மகிட்ட இந்த ஐட்டமே வரலீங்க. வேற கடையில பாருங்க, ஏவாரத்தைக் கெடுக்காதீங்க."

இன்று அந்தத் தெருவில் நானே ஒரு மணி நேரம் நின்றால் விஷயம் விளங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், முகத்தை இறுக்கிக்கொண்டு, விற்ற துணியோடு இரண்டு பெண்கள் வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மாற்றிக் கேட்க வந்திருக்கிறார்கள். "இது நம்ம மால் இல்லை" என்பது அங்கே எல்லாக் கடைக்காரரும் சொல்லும் பதில். "மாற்றவேண்டாம் அண்ணே, விற்றீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

அம்மா கவுனைப் பைக்குள் திணித்து அத்தையின் கையில் கொடுத்தாள். அதே கடையில் குனிந்து எனக்கு ஒரு மஞ்சள் கவுனைப் பொறுக்கி எடுத்தாள். அதில் பாக்கெட்டைத் தலைகீழாகத் தைத்திருந்தார்கள். நான் அங்கேயே, தெருவிலேயே, உடுப்புக்கு மேல் அதைப் போட்டுப் பார்த்துச் சுற்றி ஆடினேன். எனக்கு இரண்டு கவுன்கள் கிடைத்துவிட்டதாகச் சந்தோஷம். நான் சுற்றி முடிக்கும்வரை சிவப்புக் கவுன் இருந்த பையை அத்தைதான் வைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் கழித்து, தன் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போவதாகச் சொல்லி அத்தை பெட்டியை எடுத்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் அத்தை என் தலையில் கை வைத்து, "நல்லபடியா இரு, மருமகளே" என்றாள். கவுனில் எழுதியிருப்பதைத்தான் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன்.

"ஏம்மா, நாத்துனாளை அனுப்பிச்சுப்போட்டீங்களா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டபோது, "அவளுக்கு ஹாஸ்டல்தான் வசதிங்க" என்று அம்மா சொன்னாள். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் வேறு யாரும் சிவப்புக் கவுன் போட்டுவரவில்லை. அம்மாவுக்கு அதுவும் ஒரு சாட்சியானது. அந்த லாட் மொத்தமாக வேறு ஏதோ ஊருக்கு லாரி ஏறியிருக்க வேண்டும், காதர்பேட்டையில் ஒன்றிரண்டு சிந்தியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

சிவப்புக் கவுனை என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எரிக்க மனமில்லை. கோயிலுக்குக் கொடுத்தால் திருட்டுப் பொருளைக் கடவுளுக்குக் கொடுத்ததாகும். கடைசியில் என் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். நம் வீட்டுத் தலையணைகளில் பஞ்சு ஏது? கம்பெனி வெட்டுத் துணிதானே. அதோடு இதுவும் ஒன்றாகிவிட்டது.

அத்தை பிறகு காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில்லுக்கு வண்டி ஓட்டுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பத்திரிகை வந்தது. அப்பா மட்டும் போய், சாப்பிடாமல் திரும்பினார். அப்பா இறந்தபோது அத்தை வந்தாள். அவர் காலைப் பிடித்து அழுதாள். எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போனாள்.

நான் டெக்ஸ்டைல் படித்தேன். இப்போது ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்பதை இங்கே செய்ய வைப்பது என் வேலை. போன கோடையில் ஒரு ஜெர்மன் கடைக்கு கிறிஸ்துமஸ் ஆர்டர் வந்தது. அவர்கள் அனுப்பிய படம் மங்கலாக இருந்தது. அதைத் திரும்ப வரையவேண்டும். டிசைனர் தம்பி 'டபிள்யூ, இ, ஐ' வரை படித்துவிட்டு, மேலே படிக்க முடியாமல் திணறினான். நான் திரையைப் பார்க்கக்கூட இல்லை. கயிறு குதித்த தாளத்தில் சொன்னேன்: டபிள்யூ, இ, ஐ, என், ஏ, சி, எச், டி, இ, என்.

"ஏனுங்க மேடம், ஜெர்மனெல்லாம் தெரியுமுங்களா?"

"சின்ன வயசுலேயே" என்று பெருமையாகச் சொன்னேன்.

அன்று மாலையே பதில் வந்தது. என் சொல்லுக்குமேல் சிவப்பு வட்டம். ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, சரிசெய்து அனுப்பவும். ஐ-க்கும் என்-னுக்கும் நடுவே ஓர் எச் வேண்டும். அந்தச் சொல்லில் எச் இரண்டு. எனக்கு ஒன்றுதான் தெரியும்.

தம்பி சிரித்தான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் தலையணையைப் பிரித்தேன். கலர் கலராகத் துண்டுகள் தரையெல்லாம் கொட்டின. நடுவிலிருந்து அது வந்தது. மானின் அச்சு வெடித்திருந்தது. எழுத்து அப்படியே இருந்தது. ஐ. பக்கத்திலேயே என். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக லாட் முழுவதையும் கழித்திருக்கிறார்கள். தையலில் ஒரு குறையும் இல்லாத, அளவில் ஒரு குறையும் இல்லாத, அசல் செகண்ட்ஸ்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியில்லை. கவுனை மடியில் வைத்துச் சொன்னேன். எப்போதும்போல முதலில் தோள் தையலை நகத்தால் நெருடினாள். பிறகு, "எங்கன?" என்றாள். அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். தடவினாள்.

"ஊசித் தப்பு எனக்குத் தெரியும், நூல் தப்பு தெரியும். எழுத்துல தப்பு வரும்னு யாரு எனக்குச் சொல்லித் தந்தா?" என்றாள். பிறகு, "அம்பை ஒட்டு" என்றாள். என் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஒட்டினேன். "நீ போயிச் சொல்லிட்டு வா. நான் எந்த முகத்தோட வர?"

ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் போனேன். தெருவெல்லாம் கொப்பரை வாசனை. அத்தை வாசலறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "மருமகளே, ஆபீசுல உக்காந்து உக்காந்து பெருத்துட்டியே!" காப்பி போட்டாள். கவுனை எடுத்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"நல்லபடியா இருன்னுல்லா போட்டிருக்கு" என்று சிரித்தாள்.

"கிறிஸ்துமஸ் வாழ்த்துதான் அத்தே."

"அப்போ பாதிக்குப் பாதி சரிதான் சொல்லியிருக்கேன்."

நான் அம்பைக் காட்டினேன். விட்டுப்போன எழுத்தைச் சொன்னேன். லாட் ஏன் கழிந்தது என்பதைச் சொன்னேன். படபடவென்று, சந்தோஷமாக, கம்பெனியில் அறிக்கை வாசிப்பதைப்போலச் சொன்னேன். பரிசு கொண்டுவந்திருப்பதாகத்தான் எனக்கு நினைப்பு.

அத்தை அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ துணியில தப்பு இருக்கப்போயி நான் எடுக்கலைன்னு ஆயிருக்கு" என்றாள். "இல்லாம இருந்திருந்தா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கவுனை மடித்தாள். பேக்கிங்கில் மடிப்பதுபோலக் கைகளைப் பின்னுக்கு வைத்து, மானின் முகம் மேலே வரும்படி மடித்து, என் பையிலேயே வைத்தாள். "காப்பி ஆறுது, குடி" என்றாள்.

இப்போது நிலைமை இது. கவுன் என் அலமாரியில் இருக்கிறது, அம்பு ஒட்டியபடியே. அத்தை காங்கேயத்தில் இருக்கிறாள். "என்ன சொன்னா?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். காப்பி கொடுத்தாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.